கலிலியோ: தொலைநோக்கியும் தீர்ப்பும்

இஸ்லாமும் விஞ்ஞானமும் என்ற தலைப்பில் நமது ஊர்களில் நடக்கும் கூட்டங்களில் கலிலியோவின் பெயர் எப்படியும் ஒரு தடவை வந்துவிடும். பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காகத் திருச்சபை ஒரு விஞ்ஞானியைத் தண்டித்தது, நம்மிடம் அப்படியொன்றும் நடக்கவில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டுப் பேச்சாளர் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். இரண்டாவது வரி உண்மைதானா என்பதைப் பின்னர் பார்க்கலாம். முதலாவது வரியே அவ்வளவு எளிதானதல்ல. அந்த மனிதரின் வாழ்க்கையைச் சற்று ஆறுதலாகப் படித்துப் பார்த்தால், கதையில் வரும் வில்லன்களும் கதாநாயகனும் நாம் நினைத்துக்கொண்டிருந்தவர்களாக இல்லை.

கலிலியோ கலிலி 1564 பெப்ரவரி 15ஆம் திகதி இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ ஓர் இசைக்கலைஞர். இசையின் இலக்கணத்தைப் பழைய நூல்களில் எழுதியிருப்பதைக் கொண்டல்ல, நரம்புகளை மீட்டி, காதால் கேட்டு, பரிசோதித்தே சொல்ல வேண்டும் என்று வாதிட்டவர். மகனுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. சிறுவயதில் ஒரு துறவியர் மடத்தில் படித்த கலிலியோ, தானும் துறவியாகிவிடலாம் என்று நினைத்தார். தந்தை விடவில்லை, அங்கிருந்து அழைத்து வந்துவிட்டார். மகன் வைத்தியராக வேண்டும் என்பது தந்தையின் கனவு. நமது வீடுகளிலும் கேட்கும் கதைதான். 1581இல் பீசா பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தவர், கணிதத்தில் மனதைப் பறிகொடுத்து, 1585இல் பட்டம் எதுவும் பெறாமலே வெளியேறினார். பின்னாளில் உலகமே கொண்டாடிய இந்த அறிஞரிடம் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று இருக்கவில்லை.

1589இல் அதே பீசாவில் கணித ஆசிரியர் பதவி கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 60 ஸ்கூடி. வைத்தியம் கற்பித்தவர்கள் பெற்றதோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். 1591இல் தந்தை மரணமாக, மூத்த மகன் என்ற வகையில் குடும்பப் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. சகோதரிகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும். தம்பி பங்கு தருவதாக வாக்களித்துவிட்டுத் தரவில்லை. சீதனப் பாக்கிக்காகச் சகோதரியின் கணவர், புளோரன்ஸ் பக்கம் வந்தால் கைது செய்விப்பேன் என்று மச்சானையே மிரட்டும் அளவுக்கு விடயம் முற்றியது. 1592இல் வெனிஸ் குடியரசுக்குட்பட்ட பதுவா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 18 ஆண்டுகள் அங்கேதான். சம்பளம் கூடியும் கடன் தீரவில்லை. வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துப் பகுதிநேர வகுப்பு நடத்தினார். பீரங்கி வீரர்களுக்கு உதவும் ஒரு கணிப்புக் கருவியைச் செய்து விற்றார். மெரீனா கம்பா என்ற பெண்ணுடன் திருமணம் செய்யாமலே வாழ்ந்து இரண்டு பெண் குழந்தைகளுக்கும் ஓர் ஆண் குழந்தைக்கும் தந்தையானார். இந்த விபரங்களையெல்லாம் மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. ஆனால் அவர் பின்னர் எடுத்த சில முடிவுகள் இந்தக் கடன்களையும் பிள்ளைகளையும் அறியாமல் விளங்காது.

1609ஆம் ஆண்டு அவருக்கு வயது 45. அதுவரை உலகம் அறிந்த பெயரல்ல அவருடையது. ஒல்லாந்தில் யாரோ ஒரு கண்ணாடிக்காரர் இரண்டு வில்லைகளைக் குழாயொன்றில் பொருத்தித் தூரப் பொருட்களைக் கிட்டக் காட்டுகிறார் என்ற செய்தி வெனிஸை வந்தடைந்தது. கலிலியோ தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர் என்று நமது பிள்ளைகள் பாடசாலையில் மனனம் செய்வது தவறு. அவர் செய்தது வேறு. கேள்விப்பட்டதை வைத்துத் தானே வில்லைகளைத் தேய்த்து, மற்றவர்கள் மூன்று மடங்கு பெருக்கிக் காட்டிய இடத்தில் எட்டு மடங்கு, பின்னர் இருபது மடங்கு பெருக்கிக் காட்டினார். அந்த ஓகஸ்ட் மாதத்தில் வெனிஸ் நகரப் பெரியோரை மணிக்கூண்டின் உச்சிக்கு ஏற்றி, வெறும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வந்துகொண்டிருந்த கப்பல்களைக் காட்டினார். கடல் வணிகத்திலும் கடற்போரிலும் வாழும் நகரம் அது. சம்பளம் ஆண்டுக்கு 1000 புளோரினாக உயர்ந்தது.

கப்பல் பார்க்க வாங்கியவர்கள் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குழாயை மேலே திருப்பினார்.

1609 நவம்பர் கடைசியிலிருந்து சந்திரனைப் பார்த்தார், பார்த்ததை வரைந்தார். வானத்தில் உள்ளவையெல்லாம் மாசு மறுவற்ற, வழுவழுப்பான பூரண கோளங்கள் என்பது அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து வந்த பாடம். கலிலியோ கண்ட சந்திரனில் மலைகளும் பள்ளங்களும் இருந்தன. சூரிய ஒளி விழும் எல்லைக்கு அப்பால், இருட்டுக்குள் ஒளிப்புள்ளிகள் தனியே மின்னுவதைக் கண்டார். விடியும்போது மலையுச்சியில் முதலில் வெயில் படுவது போலத்தான் இது என்று கணக்குப் போட்டு அம்மலைகளின் உயரத்தையும் மதிப்பிட்டார். பிறை பார்த்துப் பழகிய நமக்கு இன்னொன்றும் தெரியும். இரண்டாம் மூன்றாம் பிறைகளில், மெல்லிய வெள்ளிக் கீற்றுக்குள் மீதி வட்டமும் மங்கலாகத் தெரியும். அந்த மங்கல் ஒளி சந்திரனுடையதல்ல, பூமியில் பட்டுத் திரும்பிச் செல்லும் சூரிய ஒளி என்று அவர் விளக்கினார். அப்படியானால் பூமியும் வானத்தில் ஒளிரும் ஒரு பொருள்தான். இதைச் சொல்லும்போதே பாதித் தூரம் போய்விட்டார் எனலாம்.

1610 ஜனவரி 7ஆம் திகதி இரவு வியாழனுக்கு அருகே மூன்று சிறு நட்சத்திரங்களைக் கண்டார். இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. மறுநாள் மூன்றுமே மேற்கே நின்றன. ஓரிரு நாட்களில் ஒன்று காணாமல் போனது. 13ஆம் திகதி நான்காகத் தெரிந்தன. ஒவ்வோர் இரவும் குறித்துக்கொண்டே வந்தவருக்கு விளங்கியது: இவை வியாழனைச் சுற்றும் சந்திரன்கள். எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற நம்பிக்கையில் விழுந்த முதலாவது கண்கண்ட வெடிப்பு இது. மார்ச் மாதமே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 550 பிரதிகள் உடனே விற்றுத் தீர்ந்தன. அந்தச் சந்திரன்களுக்குப் புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். பலன் கிடைத்தது. அரசவைக் கணித அறிஞராகவும் மெய்யியலாளராகவும் நல்ல சம்பளத்தில் புளோரன்ஸுக்குப் போனார். கற்பிக்கும் கடமையும் இல்லை.

அந்த இடமாற்றத்தைப் பல வரலாற்றாசிரியர்கள் அவர் செய்த பெரும் பிழையாகக் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வெனிஸ், ரோமின் கட்டளைக்கு அஞ்சாத குடியரசு. சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் பாப்பரசரின் தடையுத்தரவையே அலட்சியம் செய்து இயேசு சபையினரை வெளியேற்றியிருந்தது. மெடிச்சிகளின் புளோரன்ஸ் அப்படியல்ல. கடன் தீர்ந்தது, பாதுகாப்புப் போய்விட்டது.

அவரை முதலில் எதிர்த்தவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. பாதிரிமார் அல்ல, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். பதுவாவில் அவருடன் நட்பாக இருந்த அரிஸ்டோட்டிலியப் பேராசிரியர் கிரெமோனினி தொலைநோக்கிக்குள் பார்க்கவே மறுத்துவிட்டார். மாறாக, ரோமிலிருந்த இயேசு சபைத் துறவிகள் பார்த்தார்கள். இன்று உலகம் பயன்படுத்தும் கிரகரி நாட்காட்டியை வகுப்பதில் பெரும் பங்காற்றிய முதுபெரும் கணித அறிஞர் கிளேவியசும் அவருடைய குழுவினரும், 1611இல் கலிலியோ கண்டவை சரியே என்று உறுதிப்படுத்தினார்கள். அவரைக் கௌரவித்தார்கள். இதற்கிடையில் வெள்ளி கிரகமும் சந்திரனைப் போல வளர்ந்து தேய்வதைக் கலிலியோ கண்டிருந்தார். வெள்ளி சூரியனைச் சுற்றினால் மட்டுமே அது சாத்தியம்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கை அவருடையதல்ல. போலந்தைச் சேர்ந்த கொப்பர்நிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலில் இருந்தது. அந்த நூலில் அல்பத்தானி, ஸாபித் இப்னு குர்ரா, அந்தலூசியாவின் அஸ்ஸர்காலி ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. பெயர் சொல்லாமல் வருபவையும் உண்டு. நஸீருத்தீன் தூஸியின் கணித உத்தியும், டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு ஷாதிரின் சந்திர மாதிரியும் கொப்பர்நிக்கஸின் கணக்குகளோடு அப்படியே பொருந்துகின்றன. ஆயினும் நாம் இதில் அளவுக்கு மீறிப் பெருமைப்படக்கூடாது. இப்னு ஷாதிர் சூரியனை நடுவில் வைக்கவில்லை. கணிதம் அங்கிருந்து வந்திருக்கலாம், அந்தத் துணிச்சல் கொப்பர்நிக்கஸினுடையது.

பிரச்சினை வேதத்தின் பக்கமாகத் திரும்பியது 1613இல். பைபிளில் யோசுவா சூரியனை நிற்கும்படி வேண்டிய சம்பவம் வருகிறது. நமக்கும் புதிதல்ல. யூஷஃ இப்னு நூன் (அலை) அவர்களுக்காகச் சூரியன் நிறுத்தப்பட்ட செய்தி ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. ஓடாத சூரியனை எப்படி நிறுத்துவது என்று அரசவையில் கேள்வி எழுந்தபோது, கலிலியோ தமது மாணவரான துறவி கஸ்டெல்லிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பின்னர் இளவரசரின் தாயாருக்கு இன்னும் விரிவாக எழுதினார். வேதமும் இயற்கையும் ஒரே இறைவனிடமிருந்து வந்தவை, இரண்டும் முரண்பட முடியாது. வேதம் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியில் பேசுகிறது. நிரூபிக்கப்பட்ட ஓர் உண்மை வேதத்தின் வெளிப்பொருளோடு மோதுவதாகத் தோன்றினால், நாம் அந்த வசனத்தை விளங்கிய விதத்தையே மீள ஆராய வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் ஆதாரம் காட்டியது தமது திருச்சபையின் பழம்பெரும் அறிஞர் அகஸ்டீனை. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கொர்தோபாவில் காழியாக இருந்த இப்னு ருஷ்த் இதே பாதையில் ஒரு நூலே எழுதியிருந்தார். அவரும் பிற்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார் என்பது வேறு விடயம்.

கலிலியோ இங்கே ஒரு கோட்டைத் தாண்டிவிட்டார். கணித அறிஞர் ஒருவர் வேத விளக்கம் சொல்வதா என்பதுதான் இப்போது கேள்வி. 1614 டிசம்பரில் டொமினிக்கன் துறவி ஒருவர் புளோரன்ஸ் தேவாலயப் பிரசங்கத்திலேயே அவரையும் கணிதத்தையும் தாக்கிப் பேசினார். அடுத்த ஆண்டு ரோமுக்கு முறைப்பாடு போனது. 1616 பெப்ரவரியில் இறையியலாளர் குழு, சூரியன் அசையாமல் நிற்கிறது என்பது மதவிரோதம் என அறிவித்தது. விடயத்தைக் கையாண்ட கர்தினால் பெலார்மின் அறிவிலி அல்ல. உறுதியான நிரூபணம் இருந்தால் வேத வசனங்களை மறுபடி விளங்கிக்கொள்ள வேண்டிவரும், ஆனால் அப்படியொரு நிரூபணத்தை யாரும் தமக்குக் காட்டவில்லை என்பது அவர் நிலைப்பாடு. நேர்மையாகச் சொன்னால், அந்த நேரத்தில் கலிலியோவின் கையிலும் அது இருக்கவில்லை. வெள்ளியின் பிறைகள் பழைய கொள்கையைத் தகர்த்தனவே தவிர, பூமி அசைகிறது என்பதை நிறுவவில்லை. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்களில் தெரிய வேண்டிய சிறு இடப்பெயர்ச்சியை அளந்தது 1838இல்தான்.

கலிலியோ எச்சரிக்கப்பட்டார். கொப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும் வரை தடைசெய்யப்பட்டது. அந்த எச்சரிக்கை பற்றி இரண்டு பத்திரங்கள் உருவாகின. ஒன்று, அக்கொள்கையை நம்பவோ ஆதரித்து வாதாடவோ கூடாதென்று அறிவிக்கப்பட்டது என மட்டும் கூறி, பெலார்மின் கையொப்பமிட்டுக் கலிலியோவிடம் கொடுத்தது. மற்றது, எந்த விதத்திலும் அதைக் கற்பிக்கவோ பேசவோ கூடாது என்று கட்டளையிட்டதாகக் கூறும், கையொப்பமே இல்லாமல் ரோமின் கோப்புக்குள் கிடந்த குறிப்பு. அதைக் கோப்பில் வைத்துவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள்.

இந்த இடத்தில், ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது வரிக்கு வர வேண்டும். கலிலியோவுக்குப் பதினாறு வயது நிரம்பச் சில வாரங்கள் இருக்கையில், 1580 ஜனவரியில், இஸ்தான்பூலில் ஒரு வானாய்வு நிலையம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. டமஸ்கஸில் பிறந்த தகியுத்தீன் என்ற பேரறிஞர், சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் 1577 அளவில் அமைத்தது அது. அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த வானாய்வாளரான டைக்கோ பிராகேயின் கருவிகளுக்கு நிகரான கருவிகள் அங்கே இருந்தன. அவ்வாண்டு தோன்றிய வால்வெள்ளியை நற்சகுனமாக தகியுத்தீன் கணித்துச் சொன்னார். நடந்ததோ வேறு. கொள்ளைநோயும் மரணங்களும் வந்தன. ஷைகுல் இஸ்லாம், வானத்தின் இரகசியங்களைத் துருவுவது நாட்டுக்கு அழிவைக் கொண்டுவரும் என்று சுல்தானிடம் எடுத்துச் சொன்னார். நிலையத்தை ஆதரித்த பிரதம வஸீர் சொகொல்லு மெஹ்மத் பாஷா அதற்கு முந்திய ஆண்டே கொல்லப்பட்டிருந்தார். அரண்மனை அரசியலும் மார்க்கத்தின் பெயரும் கைகோர்த்தன. மூன்றே ஆண்டுகள்தான் அந்த நிலையம் இயங்கியது. நமது மேடைகளில் ஏன் இந்தக் கதையைக் கேட்பதில்லை என்று எனக்கு நீண்டகாலமாக ஒரு கேள்வி உண்டு. ரோமில் நூலைத் தடைசெய்தார்கள், மனிதரை அடைத்தார்கள். ஆனால் தொலைநோக்கிகளை உடைக்கவில்லை. அத்துறவிகளே தொடர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1623இல் கலிலியோவின் அபிமானியும் அவரைப் புகழ்ந்து கவிதை எழுதியவருமான கர்தினால் பார்பரினி, எட்டாம் அர்பன் என்ற பெயரில் பாப்பரசரானார். அடுத்த ஆண்டு ரோமுக்குச் சென்ற கலிலியோவை ஆறு தடவை சந்தித்துப் பேசினார். கொப்பர்நிக்கஸின் கொள்கையை ஒரு கணித ஊகமாக மட்டும் எழுதலாம், இறைவன் தான் நாடிய எந்த வழியிலும் உலகை இயக்க வல்லவன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கலிலியோ எழுதினார். 1632இல் புளோரன்ஸில், லத்தீனில் அல்லாது கடைத்தெரு மனிதனும் வாசிக்கும் இத்தாலிய மொழியில், மூவர் உரையாடும் நூலாக வெளிவந்தது. பாப்பரசரின் வாதமும் நூலில் இருந்தது. ஆனால் அதைச் சொல்பவர் புத்தகம் முழுவதும் தோற்றுக்கொண்டே வரும் சிம்ப்ளிசியோ என்ற பாத்திரம். பெயரிலேயே மடையன் என்ற தொனி ஒலிக்கிறது.

இது கர்வமா, கவனக்குறைவா? எதிரிகளைக் கிண்டல் செய்யாமல் அவரால் ஒரு பக்கமும் எழுத முடிந்ததில்லை. இயேசு சபையினரையும் அதற்குள் பகைத்துக்கொண்டிருந்தார். அத்தோடு, அந்நூலில் அவர் மிகவும் நம்பிய ஆதாரமே பிழையானது. கடலின் வற்றுப்பெருக்கு பூமி அசைவதால் ஏற்படுகிறது என்று வாதிட்டார். சந்திரன்தான் காரணம் என்ற கெப்லரின் கருத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கினார். முடிவு சரி, காட்டிய ஆதாரம் தவறு.

நண்பராக இருந்த பாப்பரசர் கடும் கோபம் கொண்டார். நூல் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்போதுதான் 1616இன் கையொப்பமில்லாத குறிப்பு கோப்பிலிருந்து வெளியே வந்தது. நோயாளியாக இருந்த கலிலியோ, கொள்ளைநோய்க் காலத்தில், பல்லக்கில் சுமக்கப்பட்டு 1633 பெப்ரவரியில் ரோமை அடைந்தார். ஏப்ரலில் விசாரணை தொடங்கியது. பெலார்மின் கொடுத்த பத்திரத்தை நீட்டினார். ஆனால் பெலார்மின் 1621இலேயே இறந்துவிட்டிருந்தார். இருட்டறையில் சங்கிலியால் கட்டினார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. தூதுவர் இல்லத்திலும் விசாரணை மன்றக் கட்டடத்தின் நல்ல அறைகளிலும்தான் தங்கியிருந்தார். ஆயினும் சித்திரவதை செய்யப்படலாம் என்ற அச்சுறுத்தல் உண்மையானது. 1633 ஜூன் 22ஆம் திகதி, 69 வயது முதியவராக, முழந்தாளிட்டு, பூமி அசைகிறது என்ற கருத்தைத் தாம் வெறுத்து ஒதுக்குவதாக எழுதிக் கொடுக்கப்பட்டதை வாசித்தார். பத்துக் கர்தினால்களில் மூவரின் கையொப்பம் தீர்ப்பில் இல்லை. எழுந்து நின்று, ஆனாலும் அது அசைகிறது என்று முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் கதை நூறாண்டுகளுக்குப் பின்னரே நூல்களில் தோன்றியது. அந்த மண்டபத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் உயிரோடு வெளியே வந்திருக்கமாட்டார்.

தண்டனை, வாழ்நாள் காவல். பின்னர் அது புளோரன்ஸுக்கு அருகிலுள்ள ஆர்செத்ரியில் சொந்த வீட்டிலேயே காவலாக மாற்றப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு வாரம் ஒருமுறை பாவமன்னிப்புச் சங்கீதங்கள் ஏழையும் ஓத வேண்டும் என்பதும் தண்டனையில் சேர்ந்திருந்தது. அதைத் தந்தைக்குப் பதிலாகத் தான் ஓதுவதாக ஏற்றுக்கொண்டார் மூத்த மகள். சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுக்க முடியாத, திருமணத்துக்கு வெளியே பிறந்த இரு பெண்களையும் கலிலியோ சிறுவயதிலேயே கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டிருந்தார். இளையவள் அதை மனதார ஏற்றதாகத் தெரியவில்லை. மூத்தவள் மரியா செலஸ்தே என்ற பெயருடன் வறுமைமிக்க அந்த மடத்திலிருந்தபடியே தந்தையின் சட்டைகளைத் தைத்தாள், மருந்து தயாரித்து அனுப்பினாள், விசாரணைக் காலத்தில் அவருடைய வீட்டையும் தோட்டத்தையும் கவனித்துக்கொண்டாள். அவள் எழுதிய 124 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தந்தை எழுதிய பதில்கள் கிடைக்கவில்லை. 1633 டிசம்பரில் தந்தை வீடு திரும்பினார். நான்கு மாதங்களுக்குள், 1634 ஏப்ரல் 2ஆம் திகதி, 33 வயதில் அவள் வயிற்றுப்போக்கு நோயில் இறந்துபோனாள்.

அந்தத் துயரத்துக்குப் பின்னர்தான் அவர் தமது மிகச் சிறந்த நூலை எழுதி முடித்தார் என்பது வியப்பு. விழும் பொருட்கள், எறியப்படும் பொருட்கள், பொருட்களின் வலிமை பற்றிய நூல் அது. பதுவாவில் கழித்த இளமைக்காலத்துப் பரிசோதனைகளின் அறுவடை. சூரியனைப் பற்றியோ பூமியைப் பற்றியோ அதில் சர்ச்சை இல்லை. ஆனாலும் அவர் பெயரில் எதையும் அச்சிடத் தடை இருந்ததால் கையெழுத்துப் பிரதி எல்லை கடந்து ஒல்லாந்தின் லெய்டன் நகரில் 1638இல் அச்சாகியது. அச்சுப் பிரதி கைக்கு வந்தபோது அவருக்குப் பார்வை முற்றாகப் போயிருந்தது. வேறு எவரும் பார்க்காததையெல்லாம் பார்த்த கண்கள். வின்சென்சோ விவியானி என்ற இளைஞர் உடனிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 1642 ஜனவரி 8ஆம் திகதி இறந்தார்.

புளோரன்ஸின் ஆட்சியாளர் அவருக்கு சாந்தா குரோசே தேவாலயத்தில் பெரியதொரு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பினார். பாப்பரசர் அர்பன் அனுமதிக்கவில்லை. தேவாலயத்தின் ஒதுக்குப்புறமான ஒரு சிற்றறையில் அடக்கம் செய்தார்கள். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலிருந்து அவருடைய நூல் நீங்க 1835 வரை சென்றது. 1992இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், அன்றைய இறையியலாளர்கள் தவறிழைத்ததைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்.

விவியானி தமது ஆசானுக்கு ஒரு கல்லறை கட்டவேண்டும் என்ற ஆசையிலேயே வாழ்நாளைக் கழித்து, அது நிறைவேறாமலே இறந்து, அதே சிற்றறையில் ஆசானுக்குப் பக்கத்தில் அடக்கப்பட்டார். 1737இல் அனுமதி கிடைத்துப் புதிய கல்லறைக்கு மாற்றுவதற்காக அந்த இடத்தைத் திறந்தபோது, எதிர்பார்த்த இரண்டு பெட்டிகளோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதற்குள் ஒரு பெண்ணின் எச்சங்கள். மரியா செலஸ்தேயாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். தந்தையோடு சேர்த்து அவளையும் புதிய கல்லறைக்குள் வைத்தார்கள்.